கைப்பிடியில் தொங்கிய சட்டை

எனக்கு எந்தச் சட்டையும் சரியாகப் பொருந்தியதில்லை, வக்கீல் ஐயா. தோள் சின்னது. அண்ணனுடையதைப் போட்டால் கொடியில் காயப்போட்டதுபோல் இருக்கும். இருந்தும் அன்று போட்டுக்கொண்டேன். ஏன் என்று கேட்டீர்கள், சொல்கிறேன்.

அண்ணன் லிப்ட் மெக்கானிக். எங்கள் குடியிருப்பு லிப்ட்டையும் அவர்தான் பார்த்துவந்தார். கையால் இழுத்துத் திறக்கும் பழைய இரும்புக் கதவு. எங்கள் மாடியில் மட்டும் அதன் பூட்டு தேய்ந்துபோய், லிப்ட் வராவிட்டாலும் கதவு திறந்துகொள்ளும். பலகை எழுதி வைத்தால் எவனும் படிப்பதில்லை என்று அண்ணன் தன் நீலச் சட்டையைக் கைப்பிடியில் மாட்டிவிட்டார். சட்டை தொங்கினால் தொடாதே. வாண்டுகளுக்குக்கூடத் தெரியும். புதுப் பூட்டு வருவதற்குள் அண்ணன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார். சட்டை அங்கேயே தொங்கியது.

அழுத ஈரம் காய்வதற்குள், அண்ணன் கடன் வாங்கியிருந்த கம்பெனியின் வசூல்காரர் வந்தார்.

"சார் கீருன்னெல்லாம் வேணாம் தம்பி, மாமான்னே கூப்பிடு."

எங்களுக்கு மாமா இல்லாத குறை அப்படித் தீர்ந்தது.

மாமா குரலை உயர்த்தவே மாட்டார். சட்டைக்குப் பயந்து படியேறி வந்த முட்டியைத் தடவிக்கொண்டே விசாரிப்பார்.

"அண்ணன் போட்ட சோறு சாப்பிட்டல்ல?"

"சாப்பிட்டேன் மாமா."

"அண்ணன் பைக்லதான காலேஜ் போன?"

"ஆமா."

"அப்ப அண்ணனோடதெல்லாம் உன்னோடது. கடன் மட்டும் எதிர்வீட்டுக்காரனோடதா?"

முதலில் பைக் போனது. பிறகு என் லேப்டாப். கடன் மட்டும் எங்களை விட்டுப் போக மனமில்லாமல் வட்டியோடு வளர்ந்தது.

அன்று அண்ணியின் தையல் மெஷினைக் கேட்டார். எங்கள் வீட்டில் அடுப்பு எரிவதே அதனால்தான். அண்ணி அதன்மேல் கையை வைத்துக்கொண்டு நின்றார்.

"இத மட்டும் விட்டுடுங்க. வேற எது வேணா எடுத்துக்குங்க."

"வேற என்னம்மா இருக்கு?" என்று மாமா வீட்டைச் சுற்றிப் பார்த்தார். நானும் பார்த்தேன். அவர் சொன்னது நியாயம்தான்.

"நாளைக்கு வண்டியோட வர்றேன்" என்று எழுந்தார்.

அப்போதுதான் எனக்குச் சட்டை ஞாபகம் வந்தது. வெளியே போய் எடுத்துப் போட்டுக்கொண்டு வந்தேன். அண்ணனோடதெல்லாம் என்னோடது என்று அவர்தானே சொன்னார்.

அண்ணி முகத்தை மூடி அழுதுகொண்டிருந்ததால் கவனிக்கவில்லை. மாமா கவனித்தார்.

"அட, லிப்ட் சரியாயிடுச்சா? என் முட்டி பொழைச்சுது."

நான் பொய் சொல்லவில்லை, ஐயா. சிரித்தேன்.

"தொளதொளன்னு இருக்குடா உனக்கு" என்று கன்னத்தில் தட்டிவிட்டுப் போனார். எங்கள் நடையில் விளக்கு எரிவதில்லை. அடுத்து வசூலுக்குப் போகவேண்டிய வீட்டுக்காரரிடம் போனில், "மாமா வந்துக்கிட்டே இருக்கேன்" என்றபடி லிப்ட் கதவை இழுத்துக் காலை வைத்தார்.

ஒரு குரல் கொடுத்திருக்கலாமே என்கிறீர்கள். போன் பேசுகிறவரை இடையில் கூப்பிடுவது மரியாதையா?

பிறகு கம்பெனி வேறொருவரை அனுப்பியது. இளைஞர், முட்டி நன்றாக இருக்கிறது. தன்னை அண்ணா என்று கூப்பிடச் சொன்னார். மெஷினை எடுத்துக்கொண்டு படி வழியாகவே போனார்.

செத்தவர் விட்டுப்போன சொத்துக்கு மேல் வாரிசிடம் யாரும் கடன் கேட்க முடியாது என்று நேற்று நீங்கள்தான் சொன்னீர்கள். எங்களுக்கு அதை யாரும் சொல்லவில்லை. அண்ணன் விட்டுப்போனதில் மிஞ்சியது அந்தச் சட்டைதான். அந்த அளவுக்கு நான் பொறுப்பு, ஒப்புக்கொள்கிறேன்.

ஒன்றை மட்டும் மறக்காமல் எழுதிக்கொள்ளுங்கள். கீழே சத்தம் அடங்கியதும் சட்டையைக் கழற்றி, பழையபடி கைப்பிடியில் மாட்டிவிட்டுத்தான் வீட்டுக்குள் வந்தேன். பிள்ளைகள் ஓடி விளையாடுகிற இடம். யாருக்காவது ஏதாவது ஆகிவிட்டால் நாளைக்கு யார் பதில் சொல்வது?