பதினோரு சிவப்புப் பட்டன்கள்

— வாங்க சார். உள்ள வாங்க.

— வீட்டுல எதுக்குக்கா சாரு?

— பழகிருச்சு. சலவைக்கூடத்துக்குள்ள அக்கா தம்பி எல்லாம் கிடையாதுன்னு நீதான சொன்ன. அங்க ஒரு நாக்கு, இங்க ஒரு நாக்குன்னு எங்கிட்ட ரெண்டா இருக்கு? உக்காரு. அது என்ன கையில, பொட்டலம்?

— கேடயம். தலைமை அலுவலகத்துல இருந்து அனுப்பியிருக்காங்க. நாளைக்கு அவங்களே வந்து மேடையில குடுப்பாங்க. எழுத்தெல்லாம் சரியா இருக்கான்னு பாத்து வைக்கச் சொன்னாங்க.

— படி, கேப்போம்.

— "மிக மகிழ்ச்சியான பிரிவு. போர்வை மடிப்புப் பகுதி."

— யாரு மகிழ்ச்சியா இருந்தது?

— கிண்டல் பண்ணாதக்கா.

— நெசமாத்தான் கேக்குறேன். ஆஸ்பத்திரிப் போர்வை மடிக்கிற எட்டுப் பொம்பளைங்கள்ல யாருன்னு தெரிஞ்சா, ஒரு எட்டு போய்ப் பாத்துட்டு வரலாமேன்னு...

— அக்கா... அந்த எட்டுப் பேர்ல ரேடியோ நாலு நாளா வேலைக்கு வரல.

— தெரியும்.

— நாளைக்கு எட்டுப் பேரும் வரிசையா நின்னு போட்டோ எடுக்கணும். ஏழு பேரு நின்னா, எட்டாவது எங்கன்னு கேப்பாங்க.

— அவளுக்கு மகிழ்ச்சி தாங்க முடியல, வீட்டுல படுத்திருக்கான்னு சொல்லு.

— வெளையாடாத. மடிப்புக் கணக்கும் விழுந்துருச்சு. தொள்ளாயிரம் போர்வை மடிச்ச எடத்துல இப்ப அறுநூறு.

— அது இந்த நாலு நாள்ல விழுந்ததா? அவள அழுக்குத் துணி பிரிக்கிற பக்கம் மாத்துன அன்னைக்கே விழுந்தது. போர்வைக்கு ரெண்டு முனை. எதிர்முனைய அவ பிடிச்சுக்கிட்டு, மாமியாரு கதைய ஆரம்பிச்சான்னா கை தானா ஓடும். கதை முடியும்போது கட்டும் முடிஞ்சிருக்கும். அதுக்குத்தான் அவளுக்கு ரேடியோன்னே பேரு.

— அதான் பாட்டுப் பெட்டி வாங்கி வச்சேனே.

— வச்ச. புல்லாங்குழல். நாலு பேரு நின்னுக்கிட்டே தூங்குறாளுங்க.

— நான் எல்லாம் நல்லதுக்குத்தான்க்கா செஞ்சேன். பயிற்சியில மூணு நாளும் ஒரே பாடம். தொழிலாளியோட மனசைக் கேளுங்க, வேலை தானா நடக்கும்னு. அதுக்குத்தான பட்டன் பெட்டி வச்சேன்.

— நல்ல பெட்டி. காலையில மனசு நல்லா இருந்தா பச்சைப் பட்டன், இல்லன்னா செவப்பு. யாரு போட்டதுன்னு யாருக்கும் தெரியாதுன்னு நெஞ்சுல கை வச்சுச் சொன்ன.

— சொன்னேன்.

— செவப்பு விழுந்ததும் யாருன்னு தேடுன.

— ஒரு மாசம் முழுக்கப் பச்சை விழுந்தாத்தான் கேடயம். போன மாசம் பதிமூணு வேலை நாள்ல பதினோரு செவப்பு. தினம் ஒண்ணே ஒண்ணு. மத்த மேனேஜருங்க எல்லாம் எங்கிட்ட, உங்க பிரிவுல யாருக்கோ மனசு சரியில்லையாமேன்னு துக்கம் விசாரிச்சாங்க.

— அதுக்காக அவள எல்லாருக்கும் முன்னால நிக்க வச்ச.

— மெதுவாத்தான் கேட்டேன்.

— மெதுவாத்தான். பயிற்சியில குடுத்த குரல்ல. "நாம எல்லாம் ஒரு குடும்பம், உனக்கு என்ன குறை"ன்னு கேட்ட. அவ, "நான் போடல சார்"னா. "பொய் சொல்றது உன் மனசுக்கே நல்லதில்லம்மா"ன்ன. மனசு தெளியிற வரைக்கும் அழுக்குப் பக்கம் போன்னு அனுப்புன. ரத்தமும் சீழும் ஒட்டுன துணியப் பிரிச்சா மனசு தெளியும்னு எந்த நாள் பாடத்துல வந்தது?

— அவதான நிறையப் பேசுவா. நிறையப் பேசுறவங்கதான் குறை சொல்லுவாங்கன்னு...

— அன்னையில இருந்து அவ வாயே தொறக்கல. உனக்கு ஒரு மாசமா பெட்டி நிறையப் பச்சை.

— அக்கா, எனக்காக ஒரே ஒரு தடவை. நீ போய் அவளக் கூட்டிட்டு வா.

— நான் போக மாட்டேன். நீ போ. வாசல்ல நின்னு, தப்பு என் மேலன்னு சொல்லு.

— நான் போய் மன்னிப்பு கேட்டா அப்புறம் யாரு என்னை மதிப்பா?

— இப்ப யாரு மதிக்கிறான்னு நெனச்சுக்கிட்டிருக்க?

— ...சரி. ஆனா நீ போறதுல என்ன? உன் சிநேகிதிதான.

— சிநேகிதிதான். போன மாசம் பல்லு புடுங்கிட்டு ரெண்டு நாள் லீவுல கெடந்தேனே, ரெண்டு சாயங்காலமும் வந்தா. வீங்குன வாயோட கெடந்த எனக்கும் சேத்து அவளே பேசிட்டுப் போனா. கேள்வியும் அவளே, பதிலும் அவளே.

— அப்புறம் என்னக்கா?

— எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுப் போவேன்? தம்பி... அந்தச் செவப்பு அவ போட்டதில்ல. நான் போட்டது. தினம் காலையில வரிசையா எல்லாருக்கும் வணக்கம் சொல்லிக்கிட்டே வருவ. எங்கிட்ட வந்ததும் செவுத்தப் பாப்ப. சொந்தக்காரிக்குச் சலுகைன்னு யாரும் சொல்லிடக் கூடாதாம். அதான்... ஒரு பட்டன். வேற எப்படிச் சொல்றதுன்னு தெரியல.

— அக்கா...

— இரு. நான் போடுறத அவ பாத்திருக்கா. நீ முன்னால நிக்க வச்சப்ப, அவ திரும்பி என்னைப் பாத்தா. காட்டிக் குடுக்கல. நான் போர்வை ஓரத்த நீவிக்கிட்டு நின்னேன். மறுநாள்ல இருந்து பச்சை போட்டேன். அந்தக் கேடயத்துல பாதி என்னோடது.

— ...

— ஏன் பேசாம இருக்க? திட்டு. ஆளு தெரியாம செஞ்சுட்டேன்னு சொல்லிக்க உனக்காவது ஒரு சாக்கு இருக்கு. எனக்கு அதுவும் இல்ல.

— நீ லீவு போட்ட ரெண்டு நாளும் பெட்டியில செவப்பு விழலக்கா... அவள முன்னால கூப்பிடுறதுக்கு முந்தியே எண்ணிப் பாத்துட்டேன்.