குடல் இறங்கியது, கௌரவம் இறங்கவில்லை

அவைக்குத் தலைமை தாங்கி, என் பேச்சையும் தாங்கத் துணிந்திருக்கும் கிடங்கு மேலாளர் அவர்களே, பின்னறையில் திரை கட்டிக் காத்திருக்கும் மருத்துவர் அவர்களே, பெட்டி கட்டும் பிரிவின் தாய்மார்களே, எதையும் தூக்குவோம், எதையும் தாங்குவோம், ஆனால் எதையும் வீட்டில் சொல்ல மாட்டோம் என்ற கொள்கையில் குன்றாக நிற்கும் என் சுமைப் பிரிவுச் சிங்கங்களே, சங்கச் செயலாளனின் பணிவான வணக்கம்.

இன்று நான் போனஸைப் பற்றிப் பேசப் போவதில்லை. யாரப்பா அங்கே எழுந்திருப்பது? உட்காருங்கள், டீ, பேச்சு முடிந்த பிறகுதான். இன்று நான் பேசப் போவது குடலிறக்கம். ஹெர்னியா. பார்த்தீர்களா, சொன்னவுடனே பாதிப் பேர் கூரையைப் பார்க்கிறீர்கள். கூரையில் ஒன்றும் இல்லை. இருக்க வேண்டியது எல்லாம் இடுப்புக்குக் கீழேதான் இருக்கிறது.

நம் சுமைப் பிரிவில் கிரேன் என்று ஒருவர் உண்டு. பெற்றோர் வைத்த பெயர் சம்பளச் சீட்டுக்கு மட்டும் தெரியும். முதுகில் ஒரு குளிர்சாதனப் பெட்டியைக் கட்டிக்கொண்டு இரண்டு மாடி ஏறி, இறக்கி வைத்துவிட்டு, "வேற ஏதாச்சும் இருக்கா?" என்று கேட்கும் மனிதர். அவர் இப்போது மூன்றாவது வரிசையில் இருக்கிறார். இந்தக் கதையைச் சொல்ல அனுமதி தந்தவரும் அவரே.

ஒரு நாள் குளிக்கும்போது, வலது அடிவயிறு தொடையோடு சேரும் இடத்தில் எலுமிச்சை அளவுக்கு ஒரு புடைப்பைப் பார்த்தார். இருமினால் எட்டிப் பார்த்தது. படுத்தால் காணாமல் போனது. நம் வீரர் என்ன செய்தார்? மருத்துவரிடம் ஓடினாரா? மனைவியிடம் சொன்னாரா? வந்த விருந்தாளி தானாகவே கிளம்பிவிட்டார் என்று தலையைத் துவட்டிக்கொண்டு வேலைக்கு வந்துவிட்டார்.

புடைப்பு வளர்ந்தது. சாயங்காலமானால் அந்த இடத்தில் ஒரு பாரம், ஓர் இழுப்பு. ஒரு மாதம் பொறுத்துப் பார்த்துவிட்டு, மருத்துவ உலகின் மூன்று மாமேதைகளிடம் ஆலோசனை கேட்டார். முதல் மேதை, சரக்குத் தூக்கி வண்டி ஓட்டுபவர். "உடம்பு சூடுப்பா, தண்ணி நிறையக் குடி" என்றார். இரண்டாம் மேதை, வாசல் காவலர். "தினம் நூறு தண்டால் எடு, தானா உள்ள போயிரும்" என்றார். மூன்றாம் மேதை யார் தெரியுமா? உங்கள் முன் மைக்கைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாரே, இவர்தான்.

நான் தண்ணீர் சொல்லவில்லை, தண்டால் சொல்லவில்லை. "இதைக் கட்டிக்க, ஒருத்தருக்கும் தெரியாது" என்று ஒரு பெல்ட்டைக் கொடுத்தேன். அது என்னிடம் ஏன் இருந்தது? எனக்கும் அதே நோய், இடது பக்கம், மூன்று ஆண்டுகளாக. சிரியுங்கள், சிரியுங்கள். நானும் கிரேனும் எதிரெதிரே வரும்போது இடுப்பைத் தொட்டுக்கொள்வோம். நீங்கள் அதை ஏதோ சங்க ரகசியம் என்று நினைத்திருப்பீர்கள்.

வீட்டில் மட்டும் கதை வேறு மாதிரி நடந்தது. அவர் மனைவி இரண்டு தெரு தள்ளி ஒரு தையற்கடையில் வேலை செய்கிறார். கணவர் இருமும்போதெல்லாம் கை கீழே போவதைக் கவனித்துவிட்டார்.

"என்னங்க, கையை அங்க வெச்சுக்கிறீங்க?"

"பாக்கெட்ல சாவி இருக்கான்னு பார்த்தேன்."

"லுங்கியில ஏதுங்க பாக்கெட்டு?"

இப்படியே மொத்தம் பதினொரு மாதத்தை ஓட்டினார். என்னே உறுதி, என்னே கட்டுப்பாடு.

பிறகு அந்த வியாழக்கிழமை வந்தது. முற்பகல், ஒரு துணி துவைக்கும் இயந்திரத்தைத் தூக்கியவர், வைத்த இடத்திலேயே உட்கார்ந்துவிட்டார். புடைப்பு வெளியே வந்தது, உள்ளே போகவில்லை. கல்லாக இறுகிவிட்டது. நான் ஓடினேன். ஓடிப்போய் என்ன செய்தேன்? உள்ளே தள்ளிவிடலாம் என்று அழுத்திப் பார்த்தேன். அவர் என் கையைக் கடிக்கவில்லை என்பது அவருடைய பெருந்தன்மை. வாந்தி எடுத்தார். "கேஸா இருக்கும்" என்று சோடா கொடுத்தேன். அதையும் வாந்தி எடுத்தார். வயிறு உப்பியது. இவ்வளவுக்கும் நடுவில் அவர் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "அவகிட்ட வயித்து வலின்னு மட்டும் சொல்லுண்ணே."

அவரை அலுவலக அறையில் படுக்க வைத்துவிட்டு மனைவிக்கு ஆள் அனுப்பினோம். வந்தார், கழுத்தில் அளவு நாடாவோடு. அலுவலக அறைக் கதவைச் சாத்தினார். பெல்ட்டைப் பார்த்தார். அதன் கீழே சிவந்து கறுத்திருந்த தோலைப் பார்த்தார்.

"எத்தனை நாளா?"

"பதினொரு மாசம்."

கத்தவில்லை. அழவில்லை. ஆம்புலன்ஸுக்குப் போன் செய்துவிட்டு, கணவரின் தலையைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டார். வாயாடியான நான் உள்ளே கதவோரம் காவல் நின்றேன்.

மருத்துவமனையில் அறுவை மருத்துவர் அம்மா விளக்கினார். "வயித்துச் சுவர்ல சதை பலவீனமான இடத்துல ஒரு வழி விட்டுப்போச்சு. அது வழியா குடல் வெளிய வந்துருக்கு. இப்ப அங்கயே சிக்கி, ரத்த ஓட்டம் நின்னுக்கிட்டு இருக்கு. உடனே திறக்கணும்."

தையற்கார மனைவி கேட்டார். "கிழிஞ்ச இடத்துல மேல பெல்ட் கட்டினா ஒட்டுமா டாக்டர்?"

"ஒட்டாதும்மா. தண்டால் எடுத்தாலும் ஒட்டாது. தைக்கணும், இல்ல உள்ள சின்னதா ஒரு வலைத்துணி வெச்சு அடைக்கணும். ஆரம்பத்துலயே வந்திருந்தா வலை வெச்சு மறுநாளே அனுப்பியிருப்பேன்."

மூன்று மணி நேரம் வெளியே உட்கார்ந்திருந்தோம். குடலில் ஒரு சாண் நீளம் செத்துக் கறுத்துப்போயிருந்தது. அதை வெட்டி எடுத்து, மிச்சத்தைச் சேர்த்துத் தைத்தார்கள். கிருமி பரவும் பயத்தால் வலை வைக்க முடியவில்லை. சும்மா தைத்து மூடியிருக்கிறார்கள், அது திரும்பவும் வரலாம். பன்னிரண்டு நாள் படுக்கை. இன்னும் ஆறு மணி நேரம் தாமதித்திருந்தால் நான் இன்று இரங்கல் கூட்டத்தில் பேசிக்கொண்டிருப்பேன். அதையும் அழகாகத்தான் பேசியிருப்பேன். அந்த நினைப்புதான் எனக்குத் தூக்கம் வராமல் செய்தது.

பெல்ட் யார் கொடுத்தது என்று அதற்குள் தெரிந்துகொண்டிருந்த அந்தப் பெண், ஆபரேஷன் முடிந்த செய்தி வந்ததும் என் பக்கம் திரும்பினார். "அண்ணே, மைக் கொடுத்தா ரெண்டு மணி நேரம் பேசுவீங்க. என்கிட்ட இதைச் சொல்ல உங்களுக்கு ஒரு நிமிஷம் கிடைக்கலையா?"

தோழர்களே, எத்தனையோ மேடைகளில் எத்தனையோ எதிரிகளுக்குப் பதில் சொன்னவன் நான். அவருக்கு நான் கொடுத்த பதில் இதுதான்.

அடுத்த வாரமே போய் நானும் படுத்தேன். மூன்று சிறு துளைகள், உள்ளே ஒரு வலை. மறுநாள் மதியம் வீட்டில் இருந்தேன். ஆறு வாரம் பாரம் தூக்கக் கூடாது என்றார்கள். நான் எப்போது தூக்கினேன் என்கிறீர்களா? மேலாளர் அவர்களே, நீங்கள் சிரிப்பது நியாயமில்லை.

இருமும்போது புடைக்கிறதா? காட்டுங்கள். படுத்தால் மறைகிறதா? மறைந்தாலும் காட்டுங்கள். ஓயாத இருமலா, மலச்சிக்கலில் முக்குகிறீர்களா, அதுவும் சுவரைத் தளர்த்தும், சொல்லுங்கள். எல்லோரையும் உடனே வெட்ட மாட்டார்கள், ஆனால் எல்லோரையும் பார்த்தாக வேண்டும். புடைப்பு இறுகி, வலித்து, உள்ளே போகாமல், வாந்தி வந்தால், வாயு பிரியாமல் வயிறு உப்பினால், அழுத்தாதீர்கள், சோடா கொடுக்காதீர்கள், என்னைக் கூப்பிடாதீர்கள். ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். சுமையைத் தூக்குவது வீரம் என்றால், சட்டையைத் தூக்குவது கோழைத்தனமா? வலியை மறைப்பது மானம் என்றால், மனைவியை மருத்துவமனை வராந்தாவில் உட்கார வைப்பது எந்த மானம்? திரைக்குப் பின்னால் மூன்று நிமிடம். மருத்துவர் இருமச் சொல்வார், இருமுங்கள். வானம் இடிந்து விழாது.

யார் முதலில் போகிறீர்கள்? சிங்கங்களே, ஏன் எல்லோரும் செருப்பைப் பார்க்கிறீர்கள்?

பின்வரிசையில் ஓர் அம்மா கை தூக்குகிறார். பெட்டி கட்டும் பிரிவு. சொல்லுங்கம்மா, இங்கே கேட்கிறது.

"பொம்பளைங்களுக்கும் வருமாண்ணே? ரெண்டாவது பிரசவத்துல வயித்தைக் கிழிச்சு எடுத்தாங்க. அந்தத் தழும்புல எந்திரிக்கும்போதெல்லாம் உப்புது. நாலு வருஷமா."

வரும்மா. தழும்பில் வரும், தொப்புளில் வரும், பச்சைக் குழந்தைக்கும் வரும். போங்கள், உங்களுக்குத் துணையாக இன்னோர் அம்மாவும் போகலாம். வழிவிடுங்கள், வழிவிடுங்கள்.

பார்த்தீர்களா, இத்தனை சிங்கங்கள் குகைக்குள் பதுங்கியிருக்க, ஒரு தாய் எழுந்து நடந்தார். அதோ, அவருக்குப் பின்னால் நம் வாசல் காவலர் எழுந்திருக்கிறார். ஓ, இவருக்குமா? நூறு தண்டால் என்று சொன்ன வாயல்லவா அது. இன்னும் இரண்டு பேர். நான்கு பேர். தள்ளாதீர்கள், வரிசையில் நில்லுங்கள்.

வாழ்நாளில் முதல் முறையாக, நான் பேசிக்கொண்டிருக்கும்போதே கூட்டம் எழுந்து போகிறது, நான் மகிழ்ச்சியோடு பார்த்துக்கொண்டிருக்கிறேன். எழுந்து போன கால்களுக்கு நன்றி, எழப் போகும் கால்களுக்கு முன்கூட்டியே நன்றி, எல்லோருக்கும் என் வணக்கம்.