பிணங்கள் எழுந்த காட்சி

தண்டலத்தில் பஸ் ஏறியதும் கண்ணை மூடிக்கொள்வது என் வழக்கம். அன்று முடியவில்லை. முன் சீட்டில், கம்பெனிச் சட்டை போட்ட இரண்டு பேர். ஜன்னலோரத்தில் இருந்தவன் கொட்டாவி விட்டபடி சொன்னான்:

“என்னை வெள்ளக்காரன் மூணு வாட்டி சுட்டான் மச்சான்.”

பக்கத்திலிருந்த திருநெல்வேலிக்காரன் துள்ளித் திரும்பினான். “அந்தச் சுதந்திரப் படத்துலயா? நீயும் நடிச்சியால?”

“எங்க அசெம்பிளி லைன் பசங்க பூரா பேரும். பொட்டல்ல பொணமா படுத்துக்கினு இருந்தோம். டைரக்டர் மைக்ல கத்துறாரு, அடிமைப்பட்ட கோவம் மூஞ்சில தெரியணுமாம். செத்தவனுக்கு இன்னா கோவம்?”

“பொறவு?”

“பக்கத்து கம்பெனில டீ பெல் அடிச்சிட்டான். பழக்கதோசம். அத்தினி பொணமும் எழுந்து டீ கேனைப் பாத்து ஓடிச்சு. சுட்ட வெள்ளக்காரன் நெசத்துல பஞ்சாப்காரன், எங்க வெல்டிங்ல கீறான். அவனும் துப்பாக்கியப் போட்டுட்டு முன்னாடி ஓடுறான்.”

“ஏலே, அதாம்ல கிளைமாக்ஸ்! செத்தவங்க எந்திச்சு வாராங்க, வெள்ளைக்காரன் பயந்து ஓடுதான். தியேட்டரே எந்திச்சு நின்னுச்சு. நான் அழுதுட்டேன். ஊருக்குப் போன் போட்டு அப்பாவையும் பாக்கச் சொன்னேன்ல!”

“கேமராவ நிறுத்தாம எடுத்துட்டாரு. மேல பாட்டு போட்டுக்கினாரு.”

என் நிறுத்தம் போய்விட்டது. நான் எழவில்லை.

“பொய் சொல்லாதல. எந்திச்சு வந்தவங்க மூஞ்சில அம்புட்டு வெறி இருந்துச்சு!”

“பின்ன? லேட்டா போனா வடை தீந்துடும்ல?”