‘எனிகட்’டின் பூர்வீகம் தேடிய ஜனாபா ஸைனப் அவர்களுக்கு

பதுளை மண்ணின் பண்பே! பன்மொழிப் புலமையின் பொலிவே! கோப்புக் குவியலுக்குள்ளும் சொல்லுக்குக் குலங்கேட்ட கூர்மதியே! எங்கள் நீர்ப்பாசன அலுவலக மொழிபெயர்ப்பாளராய் அரும்பணியாற்றி இன்று ஓய்வுபெறும் ஜனாபா ஸைனப் அவர்களே, வணக்கமும் ஸலாமும் உரித்தாகுக!

அடைமொழிகளை அடுக்கி அவரை அளந்துவிட முடியாது. கொஸ்லந்தைப் பக்கத்து ஓடையில் நடந்ததைச் சொன்னால், அறியாதவரும் அவரை அறிவர்.

அந்த ஓடையைக் குறுக்கே மறித்து, நீர்க்கதவோடு நிற்கும் கட்டுமானத்துக்கு ஆங்கிலக் கோப்புகளில் ‘எனிகட்’ என்று பெயர். தமிழிலும் நாங்கள் வழிவழியாக அப்படியே எழுதி வந்தோம். மழைக்காலம் நெருங்கியதும், ‘எனிகட் எந்நேரமும் திறக்கப்படும்’ என்று தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்தருகே பலகை நட்டோம். அதைப் பார்க்கச் சென்ற ஸைனப், ஓடைக்குள் பெண்கள் ஆற அமரத் துணி துவைப்பதைக் கண்டு திடுக்கிட்டார்.

“பலகைய பாக்கல்லியா?”

“பாத்தோமுங்க,” என்றார் கொழுந்து பறிக்கும் கருப்பம்மா. “‘கட்’டுன்னு போட்டிருக்கே, எந்நேரமும் கரண்டு கட்டாகுமாமே? மெழுகுவத்தி வாங்கி வச்சிட்டோம்.”

பெண்களைக் கரையேற்றிய கையோடு ஸைனப், பொறியியலாளர் ஜெயரூபனைத் தொலைபேசியில் அழைத்தார்.

“கதவத் திறக்க வேணாம் சேர். பலகைய மாத்தணும்.”

“மழை நமக்காகக் காத்திருக்குமா மிஸ்? தடுப்புன்னு எழுதிடுங்க.”

“தடுப்புன்னா பொலிஸ் தடுப்புன்னு நினைப்பாங்க. இந்தச் சொல்லு எங்கேருந்து வந்திச்சின்னு பாத்துட்டுச் சொல்றன்.”

“நாளைக் காலை வரைக்கும்தான்,” என்றார் அவர்.

ஏதோ ஒன்றை வெட்டியதால் வந்த ஆங்கிலப் பெயரோ? போர்த்துக்கேயர் விட்டுச் சென்றதோ? பேருந்தில் வரும்போதே அவர் மனம் துருவத் தொடங்கிவிட்டது. “எங்களுக்கு இது ‘அமுண’. எனிகட் இங்கிலீஷ்தானே?” என்றார் அலுவலகத்தில் இருந்த சிங்கள மொழிபெயர்ப்பாளர். அலுவலகம் முடிந்ததும் ஸைனப் நூலகத்துக்கு ஓடி, ஆங்கிலப் பேரகராதியைப் புரட்டினார். சொல் இருந்தது. அதன் மூலம், தமிழ்!

தென்னிந்தியாவில் ஆங்கிலேயர் காதில் விழுந்து, நாவில் தேய்ந்து, கோப்பேறிக் கடல் கடந்து வந்திருந்தது நம் ‘அணைக்கட்டு’.

“அட, நீ நம்மட புள்ளதானா!” என்று அவர் உரக்கக் கூவியதில் நூலகமே திரும்பிப் பார்த்தது.

மறுநாள் விடியலில் ‘அணைக்கட்டு திறக்கப்படும், ஓடையில் இறங்காதீர்’ என்ற பலகை நின்றது. கருப்பம்மா வாய்விட்டு வாசித்தார்.

“ஆத்தாடி, தண்ணியில்ல வரப்போவுது! ஏறுங்கடி எல்லாரும்!”

அன்று மாலை கதவு திறந்தது. துவைகல்லைப் புரட்டிக்கொண்டு செந்நீர் பாய்ந்தது. ஓடையில் ஒருவரும் இல்லை. கரையில் நின்ற ஜெயரூபன் ஸைனப் பக்கம் திரும்பினார். “தேடினது நல்லதாப் போச்சு மிஸ்,” என்றார்.

சொல்லுக்கு வேர் தேடி உயிருக்கு அரண் அமைத்த பெருமாட்டியே! நோயின்றி, நொடியின்றி, நூறாண்டும் நீங்கள் நிறைந்து வாழ்க! புதிதாய் ஒரு சொல்லின் பூர்வீகம் பிடிபடும் போதெல்லாம், விடுமுறை நாளே ஆயினும், எங்களை அழைத்துச் சொல்லி மகிழ்க!

என்றும் அன்புடன்,
அலுவலக உறவுகள்,
பதுளை.