ஒரு வாரக் கீரை

…வளையல் போட்டாச்சு, சந்தனம் பூசியாச்சு, போட்டோவும் எடுத்தாச்சு. ஊருக்கே சேர்த்து நடத்துற வளைகாப்புல மேடை போட்டு என்னையும் கூப்பிட்டுட்டீங்க. அப்ப ஒரு குட்டிக் கதையைக் கேட்டுத்தான் ஆகணும். முன்வரிசை மாமியார்மாரே, கொஞ்சம் நிமிந்து உக்காருங்க. உங்களைப் பத்தினதுதான்.

விளாத்திகுளம் பக்கம் சண்முகத்தாய்னு ஒரு அம்மா. ஒரே மகன், கருத்தப்பாண்டி. மருமக முத்துச்செல்வி. அந்த வீட்டுல கீரை கடைஞ்சா முதல்ல மகன் சாப்பிடுவாரு. அப்புறம் மாமனார். அப்புறம் சண்முகத்தாய். அதுக்கும் அப்புறம் மருமக உக்காருவா. அப்ப சட்டியில என்ன இருக்கும்? அகப்பை இருக்கும். அவ ரசத்தையோ மோரையோ ஊத்திக்கிட்டு, ஊறுகாயைத் தொட்டுக்கிட்டு எந்திரிச்சிருவா. வாயைத் திறந்து ஒரு சொல் சொல்ல மாட்டா. சண்முகத்தாய்க்கு அதுல ரொம்பப் பெருமை… “என் மருமகளுக்கு எதுவுமே வேண்டாம்”னு தெருவெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சாங்க.

முத்துச்செல்வி முழுகாம இருந்தா. அஞ்சாம் மாசம் ஸ்கேன்ல பார்த்தா, பிள்ளைக்கு முதுகுத்தண்டு மூடவே இல்லை. அந்தப் பிள்ளை தங்கல. பெத்தவ வயிறு எரிஞ்சு கிடக்கா… இந்தம்மா என்ன சொன்னாங்க தெரியுமா? “அவ உடம்பு வாகு சரியில்ல. என் மகனுக்கு வேற இடம் பாக்கணும்.” ஒரு மாசம்கூட ஆகலைய்யா! அதுக்குள்ள வேற இடம்!

விஷயம் பொண்ணோட அப்பா காதுக்குப் போச்சு. பஸ் கண்டக்டர் அவரு. நேரா வந்து நின்னு, டாக்டர்கிட்ட காட்டுவோம், என் மக உடம்புலதான் குறைன்னா நானே கூட்டிக்கிட்டுப் போயிடறேன்னு சொல்லிட்டாரு. அடுத்த வாரம் ரத்தப் பரிசோதனைன்னு முடிவாச்சு.

அந்த ஒரு வாரம் பாக்கணுமே சண்முகத்தாயை! சாப்பாட்டுலதான் குறைன்னு டாக்டர் சொல்லிரக் கூடாதாம். காலையில முருங்கைக்கீரை. மத்தியானம் அரைக்கீரை, ஆட்டு ஈரல். ராத்திரி பாசிப்பயறு. போதாததுக்கு மருந்துக்கடையில சத்து மாத்திரை அட்டையோட வாங்கி வந்து, பக்கத்துல நின்னு முழுங்க வெச்சாங்க. கல்யாணம் ஆகி வந்த நாள்ல இருந்து இல்லாத கவனிப்பு. அந்தப் பொண்ணு பயந்தே போச்சு.

டாக்டரம்மா சுகந்தி எல்லாரையும் உக்கார வெச்சு முடிவைச் சொன்னாங்க. கீரையில, பயறுல ஃபோலேட்னு ஒரு சத்து இருக்கு. ரத்தத்துல தண்ணி மாதிரி ஓடற பாகத்துல அது நிறைய இருக்குன்னாங்க. சண்முகத்தாய் சம்பந்தியைப் பார்த்தாங்க பாருங்க ஒரு பார்வை… கழுத்து ஒரு முழம் நீண்டுருச்சு.

“ஆனா சிவப்பணுவுக்குள்ள ரொம்பக் குறைவா இருக்கு”ன்னாங்க டாக்டர்.

ரெண்டும் ஒரே ரத்தம்தானே, அது எப்படின்னு கேட்டான் கருத்தப்பாண்டி. டாக்டர் பொறுமையா சொன்னாங்க. நீங்க இந்த வாரம் கொடுத்ததெல்லாம் அந்தத் தண்ணியில தெரியும். சிவப்பணு அப்படி இல்லை. அது எலும்பு மஜ்ஜையில பொறந்து வளரும்போதே இந்தச் சத்தைக் கட்டுச்சோறு மாதிரி கட்டிக்கிட்டுக் கிளம்பிரும். வளர்ந்து ரத்தத்துல ஓட ஆரம்பிச்சிட்டா, அப்புறம் வழியில யார் கொடுத்தாலும் அநேகமா வாங்காது. ஏறக்குறைய நாலு மாசம் அதோட ஆயுசு. அதனால இந்த அணு சொல்றது போன வாரத்துக் கதை இல்லை, மாசக்கணக்கா இந்தப் பொண்ணு சாப்பிட்ட கதை. பிள்ளைக்கு அப்படி ஆனதுக்கு இது ஒண்ணுதான் காரணம்னு நான் சொல்ல மாட்டேன், ஆனா இது குறைஞ்சா அப்படி ஆகற ஆபத்து கூடும்னாங்க.

சண்முகத்தாய் விடுவாங்களா? “ஏம்மா… ஊசியில ஏத்திர முடியாதா?”

ஊசியில ஏத்தினாலும் பழைய அணு வாங்காதும்மா, இனிமே பொறக்கிறதுதான் வாங்கும். அதுக்கு இன்னைக்கே ஆரம்பிங்க, அடுத்த பிள்ளை உண்டாகறதுக்கு முன்னாடியே ஆரம்பிங்கன்னுட்டாங்க டாக்டர்.

அப்பத்தான் முத்துச்செல்வி மெதுவா வாயைத் திறந்தா.

“நான் சொல்லாததை எல்லாம் அது சொல்லிருச்சு.”

அவ்வளவுதான் சொன்னா. கருத்தப்பாண்டி தலை கவுந்துருச்சு. அவ பக்கத்துல உக்காந்து தினமும் சாப்பிட்டவன் இல்லையே அவன்… அவளுக்கு முன்னாடி சாப்பிட்டவன்.

என்ன மாமியார்மாரே, சண்முகத்தாயைத் திட்டிட்டு வீட்டுக்குப் போயிடலாம்னு பாக்கறீங்களா? ஏழாம் மாசம் ஏழு வகை சாதம் கட்டிக்கிட்டு வந்திருக்கீங்க, சந்தோஷம். இந்தப் பொண்ணுங்க வயித்துல இருக்கற பிள்ளைக்கு முதுகுத்தண்டு மூடினது முதல் மாசத்துல. அப்ப உங்க வீட்டுச் சட்டியில என்னய்யா மிச்சம் இருந்துச்சு? வெளிய சொன்னா கண்ணு பட்டுரும்னு மூணு மாசம் மறைச்சீங்களே, அந்த மூணு மாசம் ஒரு மாத்திரை வாங்கிக் கொடுத்தீங்களா? பிள்ளை உண்டாகறதுக்கு முன்னாடியே கொடுக்க வேண்டியதை, ஊருக்குக் காட்டறதுக்காகக் கடைசியில கொட்டினா, ஊர் நம்பும். ரத்தம் நம்பாது.

இன்னொண்ணும் சொல்லிடறேன். பின்னாடி பந்தல்ல முதல் பந்தி ஓடிக்கிட்டு இருக்கு. பாயச வாசனை இங்க வரைக்கும் வருது. அங்க உக்காந்திருக்கறது யாரு? சிறப்பு விருந்தினருங்க, வீட்டு ஆம்பளைங்க, சம்பந்திமாருங்க. இங்க பாருங்க… மாலையும் கழுத்துமா, வயித்தைப் பிடிச்சுக்கிட்டு, என் பேச்சு எப்ப முடியும்னு உக்காந்திருக்காங்களே இந்தப் பொண்ணுங்க, இவங்க இன்னும் சாப்பிடல.

நான் முடிச்சிட்டேன். அங்க இலையில உக்காந்திருக்கறவங்களை எழுப்புங்க.