வெள்ளைத் துண்டும் கண்மாய்ச் சேறும்

வெயில் தாழும் இந்த வேளையில், கண்மாய்க் கரைப் பொட்டலில் கூடியிருக்கும் இந்த மாபெரும் சபைக்குத் தலைமையேற்று வீற்றிருக்கும் ஊர் அம்பலம் உயர்திரு சேவுகப்பெருமாள் அவர்களே! அவர் தோளில் மடிப்புக் கலையாமல் கிடக்கும் வெள்ளைத் துண்டே! ஆமாம், துண்டுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன். சிரிக்காதீர்கள், காரணம் இருக்கிறது. முன்வரிசையை நிறைத்திருக்கும் முதுபெரும் பெரியோர்களே! கல்லலில் இருந்தும் காளையார்கோவிலில் இருந்தும் மீனைக் கவிழ்த்துப் பிடிக்கும் ஊத்தாக் கூடையும் வலையுமாக இன்றைக்கே வந்து இறங்கிவிட்ட விருந்தாளிகளே! மசாலா அரைத்து வைத்துவிட்டு, குழம்புச் சட்டியைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வந்திருக்கும் அன்னையரே, அருமைச் சகோதரிகளே! உங்கள் பள்ளிக்கூடத்துத் தமிழ் டீச்சர் பர்வீன் பானுவின் பணிவான வணக்கம்.

பட்டிமன்ற மேடைகளில் பல்லாண்டு பேசியவள் நான். ஒருநாளும் நாக்கு வறண்டதில்லை. இன்றைக்கு வறள்கிறது. அந்தத் தண்ணீர்ச் செம்பைக் கொஞ்சம் இங்குட்டுத் தள்ளுங்கள். நன்றி.

நாளை விடிந்தால் மீன்பிடித் திருவிழா. பல ஆண்டுகளாக நின்றுபோயிருந்த திருவிழா. ஏன் நின்றது? மழை இல்லாமலா? மீன் இல்லாமலா? இல்லை, ஐயா! மேட்டில் ஒரு சாயப்பட்டறை இருந்தது. அதன் கழிவு, வரத்துக் கால்வாய் வழியே நம் கண்மாயில் கலந்தது. போராடிப் பட்டறையை மூட வைத்தோம். தண்ணீர் தெளிந்தது. ஆனால் நஞ்சு எங்கே போனது? வானத்துக்கா போனது? வடக்கேயா போனது? அடியில் போய்ப் படுத்துக்கொண்டது, தாய்மார்களே! சேற்றுக்குள் போய்ப் படுத்துக்கொண்டது!

அந்தச் சேற்றைத்தான், சென்னையில் படிக்கும் என் மகள் அர்ஷியா ஆராய்கிறாள். அதோ, ஓரத்தில் லேப்டாப்பை மார்போடு அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாளே, அவள்தான். அவளுக்கு மேடை என்றால் நடுக்கம். எனக்குக் கணக்கு என்றால் நடுக்கம். அதனால் அவள் கணக்கை நான் பேச வந்திருக்கிறேன். தப்பாகச் சொன்னால் அங்கிருந்தே தலையை ஆட்டுவாள், பார்த்துக்கொள்ளுங்கள்.

தை மாதம், அவளும் கூடப் படிப்பவர்களும் லாரி டியூபில் பலகை கட்டி மிதந்துபோய், நீளக் குழாய் இறக்கிச் சேறு எடுத்தார்களே, நினைவிருக்கிறதா? குழாய்க்குள் சேறு அடுக்கடுக்காக நின்றது. மேலே, மழை கொண்டுவந்த புது வண்டல். அதன் கீழே, சாய நஞ்சு ஊறிய கறுப்புச் சேறு. அந்தக் கறுப்புக்குள் காற்றே படாமல் வாழும் நுண்ணுயிர்கள் இருக்கின்றன. அவை நஞ்சைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சிதைக்கின்றன. எந்த அடுக்கில் எவ்வளவு நஞ்சு, எவ்வளவு சூடு, எந்த வேகத்தில் சிதையும் என்று கணக்குப் போட்டு, நம் கண்மாயை அப்படியே கணினிக்குள் கட்டிவிட்டாள் என் மகள்.

பங்குனியில் நடந்த கிராமசபையில் அதைத் திரைகட்டிக் காட்டினாள். நஞ்சுக்குச் சிவப்பு நிறம். பார்க்கப் பார்க்கச் சிவப்பு வெளுத்தது, கடைசியில் பச்சையானது. கைதட்டினோமே! நானும்தான் தட்டினேன். மறுநாள் அவள் சென்னைக்கு வண்டியேறினாள். மறுவாரம், "கம்ப்யூட்டரே சொல்லிருச்சு, கம்மாய் சுத்தமாயிருச்சு" என்று திருவிழாவுக்குத் தண்டோரா போட்டாகிவிட்டது!

அன்பானவர்களே, அந்தத் திரையில் ஓடியது இனிமேல் வரப்போகிற பன்னிரண்டு ஆண்டு! கணினி அதை ஒரு நிமிடத்தில் ஓட்டிக் காட்டியது. சேற்றை அப்படி ஓட்ட முடியுமா? திரையின் மூலையில் ஆண்டு மாறிக்கொண்டே வந்ததை யார் கவனித்தோம்? நம் கண்ணெல்லாம் பச்சையில் இருந்தது. அந்தப் பச்சைக்குள் நமக்கு விரால் மீன்தான் தெரிந்தது.

போன வெள்ளிக்கிழமை ஊருக்கு வந்தவள், திருவிழாச் செய்தி கேட்டுச் சாப்பாட்டுத் தட்டை நகர்த்தி வைத்தாள். "அம்மா, சேறு அசையாமக் கெடக்கும்னுதாம்மா கணக்குப் போட்டிருக்கேன். உள்ள ஆளு எறங்குவாகன்னு வைக்கலையே" என்றாள். அப்போதே கணினிக் கண்மாய்க்குள் ஊரை இறக்கினாள். நானும் பக்கத்தில் இருந்து பார்த்தேன். அடியில் கிடந்த சிவப்பு குபீரென்று எழுந்தது. தண்ணீர் முழுதும் பரவியது. மடை தாண்டி வயலுக்குப் போனது. குடிதண்ணீர்க் கிணற்றின் பக்கம் போனது. காற்றுப் பட்டதும் அந்த நுண்ணுயிர்கள் மடிந்தன, அவை செய்துவந்த வேலையும் நின்றது. பச்சை வரவே இல்லை, ஐயா! காத்துக் காத்துப் பார்த்தேன், வரவே இல்லை!

யாரது எழுந்திருப்பது? பெத்தன் அண்ணனா? என்ன கேட்கிறார்? "டீச்சர், பயமுறுத்தாதீக! மீனு நல்லாத்தான துள்ளுது?" துள்ளுகிறது அண்ணே, நானும் பார்த்தேன். ஆனால் விரால் எங்கே பதுங்கும்? சேற்றில்தானே? சேற்றைத் தின்னும் புழு, புழுவைத் தின்னும் மீன், மீனைத் தின்னும் நாம். கடைசியில் அந்தச் சாயம் யார் வயிற்றில் போய்ச் சேரும்?

அங்குட்டு இன்னொரு குரல். "கம்ப்யூட்டரு தப்பாச் சொன்னா?" சொல்லலாம், தம்பி. இதையேதான் நானும் மகளிடம் கேட்டேன். "தப்பா இருந்துட்டா ரொம்ப நல்லதும்மா, இந்த வருசத்து மீன்கொழம்பு மட்டுந்தான் போகும். சரியா இருந்துட்டா?" என்றாள். தான் போட்ட கணக்குத் தப்பாகப் போகட்டும் என்று வேண்டிக்கொண்டு ஒரு பெண் அங்கே உட்கார்ந்திருக்கிறாள், ஐயா!

ஐயோ! அம்பலம் அவர்களே, துண்டை எடுக்கிறீர்களே! முகம் துடைக்கவா? சரி, துடையுங்கள். எனக்கு நெஞ்சு பதறிவிட்டது.

ஏன் பதறுகிறேன்? நாளைக் காலை சாமி கும்பிட்டுவிட்டு, கரையில் நின்று அவர் அந்தத் துண்டை ஒருமுறை வீசுவார். ஒரே ஒரு வீச்சு! அந்த ஒரு வீச்சுக்கு ஊரே கண்மாயில் பாயும்! அந்த ஒரு வீச்சுக்கு உறங்கும் நஞ்சு விழிக்கும்! அதன்பிறகு அந்தத் துண்டை எத்தனை முறை வீசினால் கலங்கிய நஞ்சு திரும்பப் படுக்கும்? சொல்லுங்கள், யாராவது சொல்லுங்கள்!

முதலில் பிடிக்கும் விரால் யாருக்கு? வாயும் வயிறுமாகத் தாய்வீடு வந்திருக்கும் மகளுக்கு. இது நம் ஊர் வழக்கம். இந்த ஆண்டு அப்படி வந்திருப்பது யார்? சாக்கோட்டையில் இருந்து வந்திருக்கும் நாகவல்லி. அம்பலத்தின் ஒரே மகள். என் அர்ஷியாவோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவள்.

இனி நான் உங்களை அம்பலம் என்று அழைக்கப்போவதில்லை. அண்ணே! அந்த மீன நீங்க நாகவல்லிக்கு ஆக்கிக் குடுப்பீகளா? தைரியமாக் குடுப்பீகளா?

திருவிழாவே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கரையில் பொங்கல் வையுங்கள். வந்த விருந்தாளிக்கு வயிறாரச் சோறு போடுங்கள். கண்மாய்க்குள் மட்டும் ஒரு காலும் இறங்க வேண்டாம். ஆண்டுதோறும் அர்ஷியா குழாய் இறக்கிப் பார்ப்பாள். சேறு தேறிவிட்டது என்று அவள் சொல்லும் நாளில், முதல் ஊத்தாவை நானே தூக்கிக்கொண்டு வருகிறேன்.

வாங்கிய ஊத்தாவை மடியில் வைத்துக்கொண்டே, ஒரு டீச்சரின் பயத்தை இவ்வளவு நேரம் கேட்ட உங்கள் பொறுமைக்கு என் நெஞ்சார்ந்த நன்றி. நாளை விடியலில் நானும் கரைக்கு வருவேன். யார் முகத்தையும் பார்க்க மாட்டேன், அந்தத் துண்டை மட்டும் பார்த்துக்கொண்டு நிற்பேன். வணக்கம்.