மலைப்பாம்புக் குட்டி

குன்றத்தூர் பேருந்தில் எனக்கு முன் இருக்கையில் ஒரு கணவனும் மனைவியும் உட்கார்ந்திருந்தார்கள். அந்த ஆளின் வலது கை முழங்கை வரை வீங்கியிருந்தது. கடித்த பாம்பு, மனைவியின் மடியில், துணியால் இறுகக் கட்டிய தூக்குவாளிக்குள் இருந்தது.

“டாக்டராண்ட மலைப்பாம்பு குட்டின்னே சொல்லு.”

“ஸ்டவ் மாதிரி சீறுது. முதுகு பூரா சங்கிலி கோத்தாப்புல வட்டம். கண்ணாடி விரியன்யா இது!”

“கம்பெனி கேட்டுல எல்லாருக்கும் குட்டின்னு சொல்லி கையில புடிச்சிக் காமிச்சேன்டி. இப்போ விரியன்னா சிரிப்பானுங்க.”

“செத்தா மட்டும் மெச்சிக்குவானுங்களா?”

“இதுக்கு வெசமே கெடியாது. வா, வூட்டுக்கே திரும்பிடலாம்.”

அவள் தூக்குவாளியின் முடிச்சில் கை வைத்தாள்.

“அப்ப இந்தா, இன்னொரு கையையும் உள்ள வுடு.”

ஆஸ்பத்திரி நிறுத்தத்தில் பேருந்து நிற்பதற்குள் அந்த ஆள் படிக்கட்டில் நின்றிருந்தார்.